வெள்ளத்தில் மூழ்கிய விலையில்லா மிதிவண்டி: ஓர் ஓவராயில் பதிவு

நல்ல சைக்கிளின் பெடலைக் கையால் பின்பக்கமாகச் சுற்றினால் பின் சக்கரப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் மெல்லிய டிக் டிக் மட்டும்தான் கேட்கும். இந்த வண்டியில் அரிசியோடு கல் அரைபடுவது போல நறநறவென்று கேட்டது. கையை கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் கம்பியில், வைத்தால் அந்த நறநறப்பு விரல் நுனி வரை வந்தது. 2024 ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை காலையில் மாடிப்படிக்கு அடியிலிருந்து வண்டியை வெளியே இழுத்தபோது இதுதான் நிலைமை.

வண்டி என் அக்கா மகளுடையது. அரசு உதவி பெறும் பள்ளியில் 11ஆம் வகுப்பு படித்தபோது அவளுக்குக் கிடைத்த விலையில்லா மிதிவண்டி. இரண்டு வருடம் பள்ளிக்கும் டியூஷனுக்கும் அதில்தான் போனாள். அப்புறம் கல்லூரி, திருச்சியில் ஹாஸ்டல். வண்டி சென்னை வேளச்சேரியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் நின்றது. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் அதன் ஹேண்டில்பார் மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தண்ணீர் வடிய நாள்கள் ஆயின. வடிந்ததும் குழாயைப் பிடித்துச் சேற்றைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, மறுபடி அதே இடத்தில் நிறுத்தினேன்.

அது தவறு. வெள்ளத்தில் மூழ்கிய சைக்கிளை மேலே கழுவி எண்ணெய் விட்டால் போதாது. சீட் தண்டு இறங்கும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பெடல் அச்சுக் கூட்டில் தேங்குகிறது. வெளியேற வழி கிடையாது. சக்கர அச்சுகளுக்குள்ளும் சேறு புகுந்து கிரீஸோடு கலந்துவிடுகிறது. மேலிருந்து விடும் எண்ணெய் மிச்சமிருக்கும் கிரீஸையும் கரைக்கத்தான் உதவும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே மாதக்கணக்கில் துரு வேலை செய்துகொண்டே இருக்கும். அந்த டிசம்பரிலேயே திறந்திருந்தால் கிரீஸ் மட்டும் மாற்றி முடித்திருக்கலாம்.

என்னிடம் கியர் வைத்த ஹைப்ரிட் சைக்கிள் ஒன்று இருக்கிறது. தரமணியில் வேலை. வேளச்சேரி–தரமணி சாலையில் தினமும் அதில்தான் போய்வருகிறேன். கோடையில் மாலை வீடு திரும்பும்போது கடற்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். அந்தச் சுகத்துக்காகவே காரில் வரச் சொல்லும் நண்பர்களுக்கு மறுப்புச் சொல்லிவிடுவேன். ஆனால் அதில் மட்கார்டு இல்லை, கூடை இல்லை, ஸ்டாண்டும் இல்லை. காய்கறி வாங்கப் போனால் முதுகுப் பை. ரயில் நிலையத்தில் நாள் முழுக்க விட்டுப் போக மனம் வராது. வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போக முடியாது.

இந்த விலையில்லா வண்டியில் இவை எல்லாமே உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் முழு மட்கார்டு, செயின் கவர், கேரியர், முன்னால் கூடை, பூட்டு, மணி, நிமிர்ந்து உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே போகும் ஹேண்டில். குறுக்குக் கம்பி தாழ்வாக இருப்பதால் சேலையோ வேட்டியோ எதுவும் தடை இல்லை. நகரத்துக்கென்று ஒரு சைக்கிளை நான் வடிவமைத்தால் இதே வண்டிதான் வரும். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்த திட்டம் இது. பள்ளி முடிந்ததும் இவற்றில் பல வண்டிகள் மாடிப்படிக்கு அடியில் போய்விடுகின்றன. எங்கள் தெருவிலேயே நான்கு நிற்கின்றன. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நம் வீட்டில் இருப்பதையாவது ஓட வைப்போம் என்றுதான் ஓவராயிலில், அதாவது முழுசாகப் பிரித்துக் கழுவிப் பூட்டும் வேலையில், இறங்கினேன்.

முதல் நாள் பிரிக்கிற வேலை. பின் சக்கரத்தைக் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. ஸ்டாண்டு, கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி, செயினை இழுத்துப் பிடிக்கும் அட்ஜஸ்டர், வாஷர்கள் என்று எல்லாம் ஒரே அச்சில் வரிசையாக மாட்டியிருக்கும். வரிசை மாறினால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சீட் தண்டு துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து இரண்டு இரவு விட்டேன். மூன்றாம் நாள் சீட்டைப் பிடித்து இடதும் வலதுமாகத் திருகத் திருக, கிறீச்சென்று சத்தத்தோடு வந்தது. தண்டை எடுத்ததும் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். குழாயிலிருந்து காபிப் பொடி நிறத்தில் சேற்றுத் தூள் கொட்டியது, இரண்டு கைப்பிடி இருக்கும். எட்டு மாதம் முன்பு வந்த வெள்ளத்தின் மண்.

அப்புறம்தான் உண்மையான வேலை. இந்த மாதிரி வண்டிகளில் கிராங்க், அச்சோடு காட்டர் பின் என்ற ஆப்பினால் பிடித்திருக்கும். ஒரு பக்கம் தட்டையாகச் சரிவு கொண்ட சின்ன இரும்புத் துண்டு. சுத்தியால் அடித்து இறக்கியிருப்பார்கள், நுனியில் ஒரு நட்டு. துருப்பிடித்த காட்டர் பின்னை எடுப்பதுதான் சைக்கிள் வேலையிலேயே பொறுமையைச் சோதிப்பது. நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு நேராகத் திருகு மரையின் மேல் அடித்தால் மரை நசுங்கிவிடும், பிறகு காட்டர் பின் ஓட்டை வழியாக வராது. அதனால் நட்டைப் பின்னின் நுனியோடு சமமாக வரும் அளவுக்குத் தளர்த்தி, அதன் மேல் அடித்தேன். இடப்பக்கம் நான்காவது அடியில் நகர்ந்தது. வலப்பக்கம் நகரவே இல்லை. ஸ்பிரே, ஒரு நாள் ஊறல், மறுபடி அடி. நட்டும் நுனியும் சேர்ந்து வளைந்துவிட்டன.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பூவரச மரத்தடியில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இப்போது பெரும்பாலும் பைக் டயர்தான் பார்க்கிறார். பின் சக்கரம் இல்லாத வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

“காட்டரா தம்பி?” என்றார். நான் வாயைத் திறக்கவே இல்லை, கிராங்கைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார்.

“ஆமாண்ணே. அடிச்சுப் பாத்தேன், வளைஞ்சிடுச்சு.”

“மெதுவா பத்து அடி அடிச்சிருப்பீங்க. அப்படி அடிச்சா பின்னு பூத்துடும். அடி ஒண்ணுதான் விழணும். அதுக்கு முன்னாடி கீழ முட்டுக் குடுக்கணும்.”

பழைய இரும்புக் குழாய் ஒன்றைத் தரையில் நிறுத்தி, அதன் வாயில் கிராங்கின் அடிப்பக்கம் உட்காரும்படி வண்டியைச் சாய்த்து என்னைப் பிடிக்கச் சொன்னார். பின்னின் தலை குழாயின் துளைக்குள் விழும்படி சரிபார்த்தார். வளைந்த நுனியை ரம்பத்தால் அறுத்தெடுத்து, தடிமனான ஓர் ஆணியை மேலே நிறுத்தி, பெரிய சுத்தியால் ஓங்கி ஒரே அடி. பின் குழாய்க்குள் டங்கென்று விழுந்தது.

நான் அடித்த அடிகள் ஏன் பலிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் வேகத்தை அச்சும், அது சுழல உதவும் இரும்புக் குண்டுகளான பால்ஸும், டயரும் வாங்கிக்கொள்கின்றன, பின்னுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். அதோடு, அப்படி அடிப்பது பால்ஸையும் அவை உட்காரும் கிண்ணமான கப்பையும் கெடுக்கும். குழாய் முட்டு இருந்தால் கிராங்க் அசையாது, முழு அடியும் பின் மேலேயே இறங்கும். வீட்டில் செய்யப் போகிறவர்கள் இந்த ஒரு குழாயை முதலில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

காசு வாங்க மறுத்துவிட்டார். “ஆயுத பூஜைக்கு முன்னாடி ஓவராயிலுக்கு வரிசையில நிப்பாங்க ஒரு காலத்துல. இப்ப ஒருத்தர் வந்திருக்கீங்க” என்றார். டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, இடப்பக்க லாக் வளையத்தைக் கழற்றி, கப்பைத் திருகி எடுத்தேன். கீழே அகலமான தட்டும் அதில் பழைய செய்தித்தாளும் வைத்திருந்தேன். பால்ஸ் உருண்டோடிவிட்டால் தேடுவது கஷ்டம். கூண்டு இல்லாத தனிப் பால்ஸ், கால் அங்குல அளவு, பக்கத்துக்கு 11. சில பால்ஸ் துருவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சை டீசலில் கழுவித் துடைத்துப் பார்த்தால், பால்ஸ் உருளும் வளையத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். நறநறப்பு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. இப்படிக் குழி விழுந்த அச்சில் புது பால்ஸ் போட்டுப் பயன் இல்லை, அவையும் சீக்கிரம் கெட்டுவிடும். அச்சையே மாற்ற வேண்டும். வலப்பக்கக் கப்பை விரலால் தடவினேன், வழவழவென்று இருந்தது. அதைக் கழற்றாமல் அப்படியே விட்டேன். அந்தக் கப்புக்கு இடது மரை, எதிர்ப்பக்கம் திருக வேண்டும். தெரியாமல் வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் இறுகிப்போகும்.

சாமான் வாங்க ரத்தன் பஜார் போனேன். அடையாறு, மெரினா, கோட்டை என்று சைக்கிளிலேயே போய்ச் சேர்ந்தேன். காலையில் காமராஜர் சாலையில் ஓட்டுவதற்கு ஈடாக இந்த ஊரில் வேறொன்றும் கிடையாது. பழைய அச்சு, பழைய காட்டர் பின் இரண்டையும் தாளில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அச்சின் நீளமும் பின்னின் தடிமனும் வண்டிக்கு வண்டி மாறும், வாயால் சொல்லி வாங்க முடியாது. கடைக்காரர் ஸ்கேல் கூட வைக்காமல் கையில் எடுத்துப் பார்த்தே சரியானதைக் கொடுத்தார். டப்பாவில் லூதியானா என்று அச்சிட்டிருந்தது. அம்பத்தூரில் பல காலம் சைக்கிள் செய்த ஊர் நம்முடையது. ஆனாலும் உதிரி சாமான் என்று வந்தால் பெரும்பாலும் பஞ்சாபின் லூதியானாதான்.

டயரில்தான் ஏமாந்தேன். “26 இன்ச் டயர்” என்று மட்டும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் வந்து மாட்டினால் ரிம்முக்கு மேல் ஏறவே இல்லை. பழைய டயரின் பக்கவாட்டில் 26 × 1 3/8 என்றும், சின்ன எழுத்தில் 37-590 என்றும் இருந்தது. நான் வாங்கி வந்தது 26 × 1.75, எம்.டி.பி. எனும் மலைப்பாதை வண்டிகளுக்கானது, அதில் இரண்டாவது எண் 559. இந்த இரண்டாவது எண்தான் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டும் பேருக்கு 26 அங்குலம்தான், ஆனால் விட்டத்தில் 31 மி.மீ. வித்தியாசம். எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. எனவே டயர் வாங்கும்போது அந்த மூன்று இலக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பக்கத்துக் கடையிலேயே 590 கிடைத்தது. தவறாக வாங்கியதைத் தெருப் பையன் ஒருவனின் எம்.டி.பி. சைக்கிளுக்கு மாட்டிக் கொடுத்தேன்.

பூட்டும் வேலைக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. அதற்கு முன் ஒரு காரியம் செய்தேன், இந்தப் பதிவை எழுதுவதே அதைச் சொல்லத்தான் என்றுகூடச் சொல்லலாம். பெடல் அச்சுக் கூட்டின் அடிவயிற்றில், நடுவில், 4 மி.மீ. துளை ஒன்று போட்டேன். உள்ளே புகும் தண்ணீர் வெளியேற வழி. இரும்புச் சட்டம், துளையிடச் சுலபம். இரு கப்புகளுக்கும் நடுவே, மரையைத் தொடாமல் போட வேண்டும், அவ்வளவுதான். பிறகு சீட் குழாய் வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி, வண்டியை இப்படியும் அப்படியும் சாய்த்து உள்சுவர் முழுக்கப் படர விட்டேன். மிச்சம் துளை வழியாக வழிந்தது.

கப்புகளில் கிரீஸைத் தாராளமாக அப்பி, அதில் பால்ஸை ஒவ்வொன்றாகப் பதித்தேன். கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும், கவிழ்த்தாலும் விழாது. எண்ணி 11. பன்னிரண்டாவதும் போகும் போல இடைவெளி தெரியும், அதை நிரப்பக்கூடாது. பால்ஸ் உருள அந்த இடம் வேண்டும். எல்லாம் புதுசு. பழையதில் நல்லதைப் பொறுக்கிச் சேர்க்கவில்லை, ஏனென்றால் தேய்ந்ததும் புதியதும் கலந்தால் சுமை முழுக்கப் புதியதன் மேல் விழும். இடக் கப்பைக் கையால் இறுக்கி, அச்சைச் சுழற்றிப் பார்த்து, இறுக்கம் தெரிந்ததும் துளி பின்வாங்கினேன். லாக் வளையத்தை இறுக்கும்போது கப்பும் கூடவே சுற்றி மறுபடி இறுகிவிட்டது. கப்பை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது. மூன்று முறை பிரித்துப் பிரித்து வைத்தேன். கடைசியில் அச்சை விரலால் சுண்டினால் ஓசையே இல்லாமல் சுற்றியது. ஆட்டிப் பார்த்தால் ஆட்டமும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

புது காட்டர் பின் நேரே பொருந்தாது. தட்டைப் பக்கத்தை அரத்தால் ராவ வேண்டும். கொஞ்சம் ராவி, போட்டுப் பார்த்து, மறுபடி ராவி, அடித்த பிறகு மறுபுறம் மரை நட்டுக்குப் போதுமான அளவு வெளியே வரும் வரை செய்தேன். இரண்டு பின்னையும் ஒரே அளவில் ராவாவிட்டால் கிராங்குகள் ஒரே கோட்டில் நிற்காது. இன்னொன்று, கிராங்குகளைக் கிடைமட்டமாக வைத்துப் பார்த்தால் ஒரு பக்க நட்டு மேலேயும் மறுபக்க நட்டு கீழேயும் பார்க்க வேண்டும். நான் முதலில் இரண்டையும் மேலே பார்க்கப் போட்டேன். பெடல் இரண்டும் கொஞ்சம் கோணலாக நின்றதைப் பார்த்ததும் புரிந்தது. பின்னை இறக்குவது சுத்தியின் வேலை, நட்டு அதைப் பிடித்து வைக்க மட்டும்தான். நட்டை முறுக்கியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரை போய்விடும். ஓட்டத் தொடங்கி ஏழெட்டு கிலோமீட்டர் ஆனதும் திரும்ப ஓர் அடி அடித்து, நட்டைத் திரும்ப இறுக்கினேன். புது பின் அழுந்தி உட்கார்ந்து இளகும், அந்த ஆட்டத்தோடு ஓட்டினால் கிராங்கின் துளையே தேய்ந்துவிடும்.

மற்ற வேலைகளை அதிகம் சொல்லத் தேவையில்லை. சக்கர அச்சுகளுக்கும் ஹேண்டிலுக்கும் புது பால்ஸ், புது கிரீஸ். ஃப்ரீவீலை டீசலில் ஓர் இரவு ஊற வைத்து, சுற்றிச் சுற்றிக் கழுவி, நல்லெண்ணெய் போலத் தண்ணியான மெஷின் ஆயில் விட்டேன். உள்ளே பல்லைப் பிடிக்கும் சின்ன நாக்குகளில் கெட்டிக் கிரீஸ் ஏறினால் அவை ஒட்டிக்கொள்ளும், அதனால் அங்கே கிரீஸ் வேண்டாம். செயின் புதுசு. பின் சக்கரத்தில் இரண்டு போக்ஸ் கம்பி நிப்பிளைத் திருகும்போதே முறிந்தன, மாற்றினேன். பெண்டு எடுக்க, அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்த, பிரேக் கட்டையை ரிம்முக்கு அருகில் கொண்டுவந்து அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். கால் சுற்று, சுழற்றிப் பார், மறுபடி கால் சுற்று. முழுசாகச் சரியாகவில்லை, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அசைவு இருக்கிறது. பிரேக்கில் உரசவில்லை, போதும். மொத்தச் செலவு, தவறாக வாங்கிய டயரைச் சேர்க்காமல், 2,400 ரூபாய்க்குள்.

இரும்பு ரிம் என்பதால் மழையில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. நனைந்த குரோமில் கட்டை வழுக்குகிறது. சிக்னலுக்கு நன்றாக முன்பே மெதுவாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்துகிறேன். இந்த வண்டியின் ஒரே உண்மையான குறை இதுதான், வேகமும் குறைவாகவே போவதால் சமாளிக்க முடிகிறது.

செப்டம்பரிலிருந்து காய்கறி, ரேஷன், ரயில் நிலையம், இஸ்திரிக் கடை எல்லாம் இதில்தான். கேரியரில் பத்து கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன், ஹைப்ரிட்டில் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்து, கூடையில் ஒரு முழம் கதம்பம் கட்டினாள். விடுமுறைக்கு வந்த அக்கா மகள் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “ஸ்கூல்ல குடுத்தப்ப கூட இவ்வளவு லேசா இல்ல மாமா” என்றாள்.

அடுத்த சில நாளில், அக்டோபர் நடுவில், கனமழை எச்சரிக்கை வந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்கள் எங்கள் பகுதி ஆட்கள். நான் இரண்டு சைக்கிளையும் முதல் மாடிக்குத் தூக்கினேன். இந்த வண்டி கனம், நடுப்படியில் ஒருமுறை இறக்கி வைத்துத்தான் ஏற்ற முடிந்தது.

மழை கொஞ்சம் விட்டதும் பால் வாங்க இதை எடுத்துக்கொண்டு போனேன். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர், மறுபடி தூறல். வந்து மாடியில் வராந்தாவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். காலையில் பார்த்தபோது, பெடல் அச்சுக்கு நேர் கீழே தரையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. பழுப்பு நிறம் துளியும் இல்லை.